மாப்பிள்ளையின் இறக்கை முளைத்த சக்களத்தி!

என் தங்கைக்கு அமெரிக்காவில் ஒரு சக்களத்தி இருக்கிறாள். பதறாதீர்கள்! மூக்கிலே இரண்டு இலை விசிறி, வயிற்றுக்குக் கீழே மூன்று சக்கரம், தலைக்கு மேலே நீளமாக ஒரு இறக்கை, வெள்ளை உடம்பில் நீலக்கோடு. பெயர் செஸ்னா 172. நாலு பேர் உட்காரும் குட்டி விமானம். தங்கையின் வீட்டுக்காரரும் அவருடைய மூன்று நண்பர்களும் பணம் போட்டு, கூட்டாக வாங்கியது. சனிக்கிழமை விடிந்தால் போதும், மாப்பிள்ளை குளித்துவிட்டு, பளிச்சென்று சட்டை மாட்டிக்கொண்டு அவளைப் பார்க்கக் கிளம்பிவிடுவார்.

"கல்யாணத்துக்கு முன்னாடியே எனக்கு இவளைத் தெரியும்னு சொல்லித்தான் என்னைக் கட்டிக்கிட்டார் அக்கா. அதனால கேஸ்கூடப் போட முடியாது" என்பாள் தங்கை. சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பாள். அந்த மௌனத்தைத்தான் நான் கவனித்தேன்.

2019 பிப்ரவரியில் அவளுடைய இரண்டாவது பிரசவத்துக்காக ஓஹையோ மாநிலத்துக்குப் போயிருந்தேன். எங்களுக்கு அம்மா இல்லை. ஆகையால் மூத்தவளான நானே அம்மா. சுக்கு, திப்பிலி, பிரசவ லேகியத்துக்குச் சாமான் எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு போனேன். மார்ச்சில் பெண் குழந்தை பிறந்தது. மூன்று மாதம் ஆனதும் தங்கையே என்னை விரட்டினாள். "வீட்டுக்குள்ளேயே அடைஞ்சு கிடக்காதே. இவரோட ஒரு தடவை அந்த ஏர்போர்ட்டுக்குப் போயிட்டு வா. கூத்து பார்க்கிற மாதிரி இருக்கும்."

"நீயும் வாயேன்டி."

"நான் வரலை." அவ்வளவுதான். மேலே ஒரு வார்த்தை பேசவில்லை.

நூறு டாலர் ரொட்டி

ஏர்போர்ட் என்றதும் மீனம்பாக்கத்தை நினைத்துக்கொள்ளாதீர்கள். மக்காச்சோள வயலுக்கு நடுவே ஒரே ஒரு ஓடுபாதை, வரிசையாகத் தகரக் கொட்டகைகள், ஓரத்தில் ஒரு சின்ன ஓட்டல். சனிக்கிழமைகளில் சுற்று வட்டாரத்துக் குட்டி விமானக்காரர்கள் எல்லாரும் அங்கே காலைப் பலகாரத்துக்குக் கூடுவார்கள். பாங்க் குமாஸ்தா, பல் டாக்டர், விவசாயி, ரிடையரான வாத்தியார் என்று எல்லாத் தினுசும் உண்டு. இவர்களில் யாருக்கும் விமானம் ஓட்டுவது உத்தியோகம் இல்லை. சொந்த லைசென்ஸ், சொந்தச் செலவு. கூட வருகிறவர்களிடம் கட்டணம் வாங்கிச் சம்பாதிக்கவும் கூடாது. பெட்ரோல் செலவை வேண்டுமானால் சமமாகப் பங்கு போட்டுக்கொள்ளலாம். அதுதான் அங்கே சட்டம்.

"இவங்க சாப்பிடறதுக்குப் பேரு நூறு டாலர் ஹாம்பர்கர், அக்கா" என்றார் மாப்பிள்ளை. பத்து டாலர் ரொட்டியைத் தின்பதற்குத் தொண்ணூறு டாலர் பெட்ரோல் எரித்துக்கொண்டு வருகிறார்களாம்! நம் ஊரில் ஒரு டிகிரி காபிக்காகக் கும்பகோணம் வரைக்கும் கார் ஓட்டிக்கொண்டு போகிற ஆசாமிகளை நினைத்துக்கொண்டேன்.

ஓட்டல் சுவரில் கிழிந்த சட்டைத் துணிகள் ஆணியடித்துத் தொங்கின. ஒவ்வொன்றிலும் பெயர், தேதி. வாத்தியார் இல்லாமல் முதல் தடவை தனியாகப் பறந்து இறங்கியதும் மாணவனின் சட்டை முதுகைக் கத்திரித்து மாட்டுவது அவர்கள் சம்பிரதாயம். அந்தக் காலத்து விமானங்களில் மாணவன் முன்னே, வாத்தியார் பின்னே. இரைச்சலில் பேச்சு கேட்காது. ஆகவே வாத்தியார் மாணவனின் சட்டையைப் பிடித்து இழுத்துத்தான் சமிக்ஞை கொடுப்பாராம். "இனிமேல் உன்னை இழுத்துப் பிடிக்க வேண்டியதில்லை" என்பதற்கு அடையாளமாகச் சட்டையை வெட்டுகிறார்கள்.

சுற்றிப் பார்த்துக்கொண்டே வந்த என் கண் ஒரு துணியில் நிலைத்தது. வெளிர் பச்சை, மெல்லிய கோடு. அட ராமா! நிச்சயதார்த்தத்துக்கு நாங்கள் எடுத்துக்கொடுத்த சட்டை!

"கல்யாணத்துக்குப் பதினைஞ்சு நாள் முன்னாடி சோலோ போனேன் அக்கா. அன்னிக்கு ராசியா இருக்கட்டும்னு அதைத்தான் போட்டிருந்தேன்" என்று அசடு வழிந்தார் மாப்பிள்ளை. கோபிக்கவா முடியும்?

காதலா, இந்தக் கூண்டுக்குள்ளேயா?

எங்கள் மேஜையில் ஏழெட்டுப் பேர். பாதிப் பேர் மனைவியுடன் வந்திருந்தார்கள். மீசை துளிர்விட்ட ஒரு பையன், மறுநாள் தன் சிநேகிதியை முதல் தடவையாக மேலே அழைத்துப் போகப் போவதாகப் பெருமையாகச் சொன்னான். அவ்வளவுதான், பெரிசுகள் எல்லாம் அவனைப் பிடித்துக்கொண்டன. என் ஹைஸ்கூல் இங்கிலீஷில் பாதி புரிந்தது. மீதியை மாப்பிள்ளை காதில் சொன்னார்.

"சினிமாவிலே பார்க்கிற மாதிரி மாலை வெயில், மேகம், கையோடு கை... எல்லாம் மறந்துடு தம்பி" என்றார் ஒரு கிழவர். "உள்ளே அகலமே நாற்பது அங்குலம்தான். ஆளுக்கொரு இடுப்புப் பட்டை, தோள் பட்டை. காதுல தேங்காய் மூடி மாதிரி ஹெட்போன். முத்தம் கொடுக்கப் போனா மைக்கும் மைக்கும்தான் முட்டிக்கும்!"

"நாற்பது வருஷமா என் சம்சாரம் மேலே இருக்கும்போது என் காதுல ரகசியமாச் சொன்னது ஒண்ணே ஒண்ணுதான். 'பாத்ரூம் எப்ப வரும்?'" என்றார் இன்னொருவர். அந்த விமானத்தில் அந்த வசதி கிடையாது. பெட்ரோல் நாலு மணி நேரம் வரும், வயிறு இரண்டு மணி நேரம்தான் தாங்கும் என்பது அவர்கள் கணக்கு.

அவர் மனைவி விடவில்லை. "இவர் என்னிடம் ஆசையாகக் கேட்டது என்ன தெரியுமா? என் எடை!" மேஜையே அதிர்ந்தது.

எடை விஷயம் மட்டும் விளையாட்டு இல்லை. செஸ்னா 172, மாடலுக்குத் தகுந்தபடி, ஆள், பெட்டி, பெட்ரோல் எல்லாம் சேர்த்து சுமார் 1,000 கிலோவிலிருந்து 1,160 கிலோ வரைதான் தூக்கும். அதில் பெரும்பங்கு விமானத்தின் சொந்த எடையே. டாங்க் நிறையப் பெட்ரோல் போட்டால் நாலு பெரியவர்கள் ஏற முடியாது. எவ்வளவு எடை என்பதோடு எங்கே எடை என்பதும் முக்கியம். பின்பக்கம் பாரம் கூடினால் மூக்கு தூக்கிக்கொள்ளும், சமாளிப்பது கஷ்டம். ஆகவே ஏறுகிற ஒவ்வொருவரின் எடையையும் எழுதிக் கூட்டிப் பார்க்காமல் கிளம்பக்கூடாது. ஒருவர் மனைவி சொன்ன எடையோடு ஏழு கிலோ சேர்த்து எழுதிக்கொண்டாராம். அந்தக் காகிதம் அம்மாள் கண்ணில் பட்டுவிட்டது. போகும்போது பேசவில்லை, வரும்போதும் பேசவில்லை. "என் வாழ்நாளிலேயே அமைதியான பயணம்" என்றார் அவர்.

பல் டாக்டரின் கதைதான் உச்சம். ஸ்டியரிங்கில் இருக்கும் பொத்தானை அழுத்தினால்தான் ரேடியோவில் பேச்சு வெளியே போகும். விட்டுவிட்டால் உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும் கேட்கும். ஒரு நாள் பொத்தான் அமுங்கியபடியே சிக்கிக்கொண்டது. அது தெரியாமல் மனைவியிடம் செல்லப் பெயரெல்லாம் சொல்லிக் கொஞ்சி, கடைசியில் மாமியாரைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டார். அந்த அலைவரிசையில் இருந்த அத்தனை விமானமும் கேட்டது! இறங்கியதும் பெட்ரோல் போடுகிற பையன் அவரை அந்தச் செல்லப் பெயராலேயே கூப்பிட்டானாம். இதில் ஆபத்தும் இருக்கிறது. ஒருவர் மைக் சிக்கினால் மற்றவர்கள் யாரும் அந்த அலைவரிசையில் பேச முடியாது.

இன்னொருவர் வானத்தில் வைத்துக் கல்யாணத்துக்குச் சம்மதம் கேட்க மோதிரத்தை நீட்டினார். மோதிரம் நழுவி, கால் மிதிகளுக்குள் போய்விட்டது. மிதியில் ஏதாவது சிக்கினால் விமானத்தைத் திருப்ப முடியாமல் போகலாம். பயந்துபோய் அவசரமாகக் கீழே இறக்கி, சீட்டைக் கழற்றி, இரண்டு பேரும் தரையில் தவழ்ந்து தேடினார்களாம். "அவர் நிஜமாவே மண்டி போட்டது அப்பதான். உடனே சரின்னுட்டேன்" என்றாள் அவர் மனைவி.

கடைசியில் மூத்த கிழவர் தானியங்கிக் கருவியின் கதையை எடுத்தார். லாரன்ஸ் ஸ்பெர்ரி என்பவர் 1914ல் பாரீஸ் அருகே கூட்டத்துக்கு முன்னால் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு விமானம் ஓட்டிக் காட்டினார். சுழலும் பம்பரம் வைத்த கருவி விமானத்தைத் தானே நேராகப் பிடித்துக்கொண்டது. 1916ல் அதே மனிதர் நியூயார்க் பக்கம் ஒரு சீமாட்டிக்கு விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும்போது இருவரும் தண்ணீரில் விழுந்து உயிர் தப்பினார்கள். "கருவி பார்த்துக்கும்னு இவர் ஸ்டியரிங்கை விட்டுட்டு என்ன பண்ணிக்கிட்டிருந்தார்னு நூறு வருஷமா எங்க ஆளுங்க பேசிக்கிட்டேதான் இருக்காங்க" என்று கண்ணைச் சிமிட்டிவிட்டு, நான் இருப்பதைப் பார்த்துக் காபியைக் குடிக்க ஆரம்பித்தார். நானும் ஜன்னல் வழியாக மக்காச்சோளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்!

ஆகாயத்தில் கேட்ட சம்மதம்

இதெல்லாம் வெறும் அரட்டை என்று தள்ளவும் முடியாது. குட்டி விமானத்துக்கும் காதலுக்கும் பழைய சிநேகம்.

எமி ஜான்சன் என்ற ஆங்கிலப் பெண் 1930 மே மாதம், தன் 26வது வயதில், இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தன்னந்தனியாகப் பறந்தாள். வழியில் பெட்ரோல் தீர்ந்து நம் ஜான்சியில் ராணுவ மைதானத்தில் இறங்கினாள். ஜிம் மாலிசன் என்ற விமானி, அவளைச் சந்தித்த எட்டாவது மணி நேரத்தில், பறந்துகொண்டிருக்கும்போதே கல்யாணத்துக்குக் கேட்டார். 1932ல் கல்யாணம். 'பறக்கும் காதலர்கள்' என்று பத்திரிகைகள் கொண்டாடின. 1934ல் லண்டன் - மெல்போர்ன் பந்தயத்தில் கராச்சி வரை சாதனை வேகத்தில் வந்தார்கள். எஞ்சின் பழுதாகி அலகாபாத்தோடு பந்தயம் முடிந்தது. 1938ல் விவாகரத்தும் ஆகிவிட்டது. எட்டு மணி நேரத்தில் எடுத்த முடிவு ஆறு வருஷம் தாங்கியது!

ஆன் லிண்ட்பர்க் கதை வேறு. உலகப் புகழ் பெற்ற சார்லஸ் லிண்ட்பர்கை 1929ல் மணந்தார். கூச்ச சுபாவமுள்ள பெண். ஆனால் விமானம் ஓட்டவும் ரேடியோ இயக்கவும் கற்றுக்கொண்டார். 1930 ஏப்ரலில் கணவரோடு அமெரிக்காவை மேற்கிலிருந்து கிழக்காகக் கடந்து வேக சாதனை செய்தபோது வழிகாட்டியாக இருந்தவர் அவர்தான். அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி! படித்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. சாதனை கணவருடைய பெயரில் பெரிய எழுத்தில்; உபாதை அவருக்கு.

நம் பக்கமும் பெருமை உண்டு. சரளா தக்ரால் 1936ல், 21 வயதில், நாலு வயதுப் பெண் குழந்தைக்குத் தாயாக, புடவை கட்டிக்கொண்டு ஜிப்ஸி மாத் விமானத்தைத் தனியாக ஓட்டியவர். அவர் புகுந்த வீடே விமானிகள் வீடு. கணவரும் மாமனாரும்தான் தூண்டிவிட்டார்கள். 1939ல் கணவர் விமான விபத்தில் இறந்துபோனார். யுத்தத்தால் பயிற்சியும் நின்றுவிட்டது. அந்தப் பெண் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கவில்லை. லாகூரில் ஓவியம் படித்தார். பிறகு டில்லியில் துணி டிசைன், நகை டிசைன் என்று தொழில் செய்து இரண்டு பெண்களை வளர்த்தார். 2008ல்தான் காலமானார்.

சென்னைவாசிகளுக்கு உஷா சுந்தரத்தைத் தெரிந்திருக்க வேண்டும். கணவர் கேப்டன் வி. சுந்தரம் பெங்களூர் ஜக்கூரில் விமானப் பள்ளி நடத்தியபோது, 1949ல் அங்கேயே பயிற்சி முடித்தவர். 1951ல் சென்னை அரசாங்கத்துக்காக டவ் என்ற இரட்டை எஞ்சின் விமானத்தை லண்டனிலிருந்து பம்பாய்க்குக் கணவன் மனைவி இருவருமாக 27 மணி நேரத்தில் கொண்டுவந்து சேர்த்தார்கள். பிற்பாடு மழை வெள்ளத்தில் தத்தளித்த இரண்டு நாய்க்குட்டிகளைக் காப்பாற்றப் போய், 1959ல் சென்னையில் ப்ளூ கிராஸை ஆரம்பித்தவர்களும் இதே தம்பதிதான். ஒருவர் ஓட்ட, மற்றவர் வெறுமனே உட்கார்ந்திருந்த தம்பதி இல்லை அது.

அந்த அம்மாள் கேட்ட கேள்வி

ஓட்டல் மேஜைக்கே திரும்பி வருகிறேன். எல்லாரும் சிரித்து ஓய்ந்ததும், அதுவரை ஊசியும் நூலுமாகப் பின்னிக்கொண்டிருந்த ஒரு வயசான அம்மாள் அந்தப் பையனைப் பார்த்து நிதானமாகக் கேட்டாள்: "நீ மேலே மயக்கம் போட்டு விழுந்தால் அந்தப் பெண் என்ன செய்வாள்?"

மேஜை அமைதியாகிவிட்டது.

2012 ஏப்ரலில் விஸ்கான்சின் மாநிலத்தில் நடந்ததை அவள் சொன்னாள். ஒரு தம்பதி இரட்டை எஞ்சின் செஸ்னாவில் ஃப்ளோரிடாவிலிருந்து வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். கணவருக்கு 81, மனைவிக்கு 80. ஊர் நெருங்கும்போது கணவர் நெஞ்சு அடைத்துச் சாய்ந்துவிட்டார். பேரப்பிள்ளை எடுத்த அந்தப் பாட்டி ரேடியோவில் உதவி கேட்டாள். கீழேயிருந்து இன்னொரு விமானி ஏறிவந்து பக்கத்திலேயே பறந்துகொண்டு வழி சொன்னார். இறங்கும் நேரத்தில் பெட்ரோல் தீர்ந்து ஒரு எஞ்சின் நின்றது. இருந்தும் இறக்கிவிட்டாள்! சின்னக் காயங்களோடு அவள் பிழைத்தாள், கணவர் பிழைக்கவில்லை. சுமார் முப்பது வருஷத்துக்கு முன் கணவர் வற்புறுத்தி இவளுக்குக் கொஞ்சம் ஓட்டக் கற்றுக்கொடுத்திருந்தார். அதுதான் கை கொடுத்தது.

"என் வீட்டுக்காரர் எனக்கு வைரம் வாங்கித் தரவில்லை. கற்றுக்கொள்ள அனுப்பினார்" என்று முடித்து மறுபடி பின்ன ஆரம்பித்தாள் அந்த அம்மாள்.

விமானியின் மனைவி, கணவன், சிநேகிதர் போன்றவர்களுக்கென்றே அங்கே ஒரு சின்னப் பயிற்சி இருக்கிறது. விமானச் சொந்தக்காரர்கள் சங்கம் 1960களில் ஆரம்பித்தது. 'பிஞ்ச் ஹிட்டர்' என்று பெயர். அவர்களுடைய பேஸ்பால் ஆட்டத்தில் ஒருவருக்குப் பதிலாக மட்டை பிடிக்க வருகிறவரை அப்படிச் சொல்வார்கள். முழு விமானியாக்குவது நோக்கம் இல்லை. விமானத்தை நேராக வைத்துக்கொள்வது எப்படி, அவசரத்துக்கு 121.5 என்ற அலைவரிசையில் கூப்பிடுவது எப்படி, எப்படியாவது தரையில் கொண்டுவந்து நிறுத்துவது எப்படி, அவ்வளவுதான். குட்டி விமானத்தில் பக்கத்துச் சீட்டுக்கு முன்னாலும் ஒரு ஸ்டியரிங், கால் மிதி எல்லாம் இருக்கிறது. சும்மா பார்த்துக்கொண்டிருப்பதற்கா அது?

தங்கை சொன்ன காரணம்

ஜூலையில் அவர்கள் கல்யாண நாள். ஈரி ஏரியின் நடுவே புட்-இன்-பே என்ற ஊருள்ள தீவுக்குப் பறந்துபோய்ச் சாப்பிட்டுவிட்டு வரலாம் என்று மாப்பிள்ளை ஒரு மாதமாகத் திட்டம் போட்டார். முதல் நாள் ராத்திரி தங்கை மாட்டேன் என்றுவிட்டாள். அவர் முகம் வாடிப்போயிற்று. அவர் படுக்கப் போனபிறகு, பாலூட்டிக்கொண்டே என்னிடம் உடைந்துவிட்டாள்.

"எனக்கு உயரம் பயமில்லை அக்கா. ரெண்டு பேரும் ஒண்ணாப் போய் ஏதாவது ஆச்சுன்னா, இந்த ரெண்டுக்கும் யார் இருக்கா? பெரியவன் பிறந்ததிலேருந்து எனக்கு இதேதான் ஓடுது. சொன்னா, 'என் மேலே நம்பிக்கை இல்லையா'ன்னு கேட்பார். அதான் சொல்லலை."

பாருங்கள், சக்களத்தி என்று கேலி பேசிய பேச்செல்லாம் இதை மூடி மறைக்கத்தான். ஐந்து வருஷமாக இவள் வாயைத் திறக்கவில்லை. அவரும் தூண்டிக் கேட்கவில்லை.

"நீ வராட்டா போகட்டும், ஏற்பாடு பண்ணினதை வீணாக்க வேண்டாம். நான் போய் எப்படி இருக்குன்னு பார்த்துட்டு வந்து சொல்றேன்" என்றேன். எனக்கும் உள்ளுக்குள் உதறல்தான். கந்தர் சஷ்டி கவசத்தைப் பாதி சொல்லிக்கொண்டேதான் ஏறினேன்.

கிளம்புமுன் மாப்பிள்ளை ஒரு அட்டையைப் பார்த்துத் தன்னையே ஆறு கேள்வி கேட்டுக்கொண்டார். உடம்பு சரியா? மருந்து ஏதாவது சாப்பிட்டேனா? மனசிலே பாரம் உண்டா? மது? (குடித்து எட்டு மணி நேரம் ஆகாமல் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்பது சட்டம்.) களைப்பா? கோபதாபம் ஏதாவது உண்டா? கடைசிக் கேள்வியில் கொஞ்சம் நின்றார். ஓரமாகப் போய்த் தங்கைக்குப் போன் செய்து ஐந்து நிமிஷம் பேசிவிட்டு வந்தார். என்ன பேசினார்களோ, முகம் தெளிந்திருந்தது. வீட்டில் சண்டை போட்டுவிட்டு வண்டி எடுக்கும் நம் ஆண்களுக்கும் இப்படி ஒரு அட்டை அச்சடித்துக் கொடுத்தால் தேவலை!

மேலே எழும்பியதும் பயம் போன இடம் தெரியவில்லை. நம் ஊர் ஆட்டோவைவிடச் சத்தம், ஆனால் ஆட்டோவைவிடக் குலுக்கல் குறைவு. வயல்கள் பட்டுப்பாவாடைக் கட்டம் மாதிரி. அரை மணி நேரம் ஆகியிருக்கும். தூரத்தில் ஏரி தெரிய வேண்டிய இடத்தில் ஒன்றும் தெரியவில்லை. வெண்மையாக, பாலில் தண்ணீர் கலந்ததுபோல. வானம் எது, தண்ணீர் எது என்று கோடே இல்லை. மாப்பிள்ளை ரேடியோவில் ஏதோ கேட்டார். பிறகு என்னிடம், "திரும்பிடலாம் அக்கா" என்றார்.

"இன்னும் கொஞ்சம் போய்ப் பார்க்கலாமே மாப்பிள்ளை? சாப்பாட்டுக்கு எல்லாம் சொல்லி வெச்சிருக்கீங்களே..." என்று நான்தான் அசட்டுத்தனமாகச் சொன்னேன்.

"இதுலதான் அக்கா பாதிப் பேர் மாட்டிக்கிறது" என்றார். இறங்கியபிறகு விளக்கமாகச் சொன்னார். அடிவானக் கோடு மறைந்துவிட்டால் நம் உடம்பே நம்மை ஏமாற்றும். காதுக்குள் இருக்கும் திரவம்தான் நமக்கு நேர், சாய்வு சொல்வது. குழந்தைகள் தட்டாமாலை சுற்றி நின்றதும் பூமி சுற்றுகிறதே, அதுபோல விமானம் சாய்ந்து கீழே போகும்போதும் நேராகப் போவதாகவே தோன்றும். கருவிகளை மட்டுமே பார்த்து ஓட்டுவதற்குத் தனிப் பயிற்சியும் தனி லைசென்சும் வேண்டும். அது இவரிடம் இல்லை.

ஜனாதிபதி கென்னடியின் மகன் ஜான் கென்னடி 1999 ஜூலை 16 இரவு இப்படித்தான் போனார். உறவினர் கல்யாணத்துக்குப் போகிற அவசரம். மங்கலான இருட்டில் கடலுக்கு மேல் பறக்கும்போது திசை உணர்வு தப்பி விமானம் விழுந்தது என்று விசாரணையில் முடிவு சொன்னார்கள். உடன் இருந்தவர்கள் அவர் மனைவியும், மனைவியின் அக்காவும். மனைவியின் அக்கா! இதைக் கேட்டபோது நான் உட்கார்ந்திருந்த நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

நாங்கள் இறங்கியபோது வேலி ஓரமாகக் கார் நின்றது. தங்கை! குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, பெரியவனைக் கையில் பிடித்துக்கொண்டு. வீட்டிலிருந்தபடி போனில் விமானம் போகும் கோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாளாம். கோடு பாதியில் திரும்பியதும் பதறிக் கிளம்பிவிட்டாள்.

"என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலை. மேலே சரியில்லை, திரும்பிட்டேன்."

"அவ்வளவு ஏற்பாடு பண்ணிட்டு?"

"ஏற்பாடு கிடக்கு. நீங்க மூணு பேரும் இங்க இருக்கீங்களே."

அவள் ஒன்றும் சொல்லவில்லை. குழந்தையை அவர் கையில் கொடுத்துவிட்டு, முந்தானை இல்லாததால் துப்பட்டாவில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அன்று கல்யாண நாள் விருந்து, அந்தத் தகரக் கொட்டகை ஓட்டலில் உருளைக்கிழங்கு வறுவல்தான்.

நான் ஆகஸ்டில் ஊருக்குத் திரும்பினேன். அந்த அக்டோபரில் தங்கையிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. காதில் தேங்காய் மூடி, பக்கத்தில் வாத்தியார், முகம் பூராவும் பல். அந்தச் சின்னப் பயிற்சியில் சேர்ந்துவிட்டாள்! ஆனாலும் இரண்டு பேரும் ஒன்றாகப் போகும்போது நல்ல வெயில், கிட்டத்து ஊர், பகல் நேரம் என்று அவள் போட்ட மூன்று நிபந்தனைகளை அவர் இன்றுவரை மீறவில்லை. உயிலும் எழுதி, குழந்தைகளுக்குப் பொறுப்பு யார் என்றும் பதிவு செய்துவிட்டார்கள். பயத்தை மனசுக்குள் பூட்டி வைக்காமல் உட்கார்ந்து பேசினால் இவ்வளவு காரியம் ஆகிறது.

வெளிநாட்டில் இப்படிப் பறக்க நேரும் சகோதரிகளுக்கு

* எடையைக் கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். கைப்பையையும் சேர்த்து!

* வயிறு முட்டவும் வேண்டாம், வெறும் வயிறும் வேண்டாம். எண்ணெய்ப் பலகாரத்தைத் தவிர்க்கவும். இஞ்சி மிட்டாய் கையில் இருக்கட்டும். குமட்டினால் புத்தகம், போன் பார்க்காமல் தூரத்து அடிவானத்தைப் பாருங்கள்.

* இறங்கும்போது குழந்தைகளுக்குக் காது அடைக்கும். கைக்குழந்தைக்குப் பால், பெரிய குழந்தைக்குச் சப்ப ஏதாவது கொடுங்கள். சளி பிடித்திருந்தால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள்.

* கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் ஏறக்கூடாது.

* இப்படிப்பட்ட விமானங்களில் எஞ்சின் புகைக் குழாயின் சூட்டில்தான் ஹீட்டர் வேலை செய்கிறது. விரிசல் இருந்தால் மணமில்லாத விஷப்புகை உள்ளே வரும். அதைக் கண்டுபிடிக்கும் கருவி இருக்கிறதா என்று கேளுங்கள். தலைவலி, மயக்கம் வந்தால் உடனே சொல்லுங்கள்.

* ஏறும்போதும் இறங்கும்போதும் விமானியிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள். கொஞ்சலோ சண்டையோ, தரையில் வைத்துக்கொள்ளுங்கள். மைக் சிக்கினால் ஊரே கேட்கும்!

இதையெல்லாம் சொல்லி முடித்ததும் என் வீட்டுக்காரர், "நமக்கெதுக்கு விமானக் கதை?" என்றார். இருபத்திரண்டு வருஷமாக அவர் ஓட்டும் காரில் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து வருகிறேன். ராத்திரி நேரத்தில் நெடுஞ்சாலையில் அவருக்கு ஏதாவது ஆனால் வண்டியை எப்படி நிறுத்துவது என்று எனக்குத் தெரியாது. கேஸ் சிலிண்டரை மூடத் தெரிந்த எனக்கு ஹேண்ட் பிரேக் எங்கே இருக்கிறது என்று தெரியாது! அடுத்த வாரமே டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். இரண்டு தடவை தோற்று, மூன்றாவது தடவை லைசென்ஸ் வாங்கினேன்.

அன்று சாயங்காலம் அவர் பீரோவைக் குடைந்துகொண்டிருந்தார். "என்ன தேடறீங்க?" என்றேன்.

"கத்திரிக்கோல். உன் ரவிக்கை முதுகை வெட்டி வாசல்ல மாட்டணுமே!"

மனிதருக்குக் குசும்பு மட்டும் குறையவே இல்லை!